சுடாத கல்

சித்திரை மாத நடுப்பகலில் ஸ்ரீரங்கம் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? நடந்திருக்க மாட்டீர்கள். ஓடியிருப்பீர்கள்!

இரண்டு மாதம் முன்பு நானும் நிழல் தேடித் தத்தித் தத்தி ஓடினேன். கூட வந்த வரதன் மட்டும் நிதானமாக நடந்து வந்தார். ஒரே ஆபீஸில் என்னோடு பதினைந்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர். சர்க்கரை வியாதிக்காரர். கானலில் கோபுரம் மிதக்கிறது, புறாக்கள் மிதக்கின்றன, நடுவே வரதனும் மிதந்து வருகிறார்... கனவில் வருகிறவர் போல.

"கல் சுடவே இல்லை சார். பஞ்சு மேல நடக்கறாப்பல இருக்கு" என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். துபாயிலிருந்து லீவில் வந்த பாலக்கரை நண்பர் கொடுத்த வைட்டமின் மாத்திரை. தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எண்ணெய் அசையும். ரத்தக் குழாய்களைத் துடைத்துப் புதுசாக்கிவிடுமாம். அந்த தைரியத்தில், டாக்டர் எழுதித் தந்த சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். வெல்லமும் நெய்யும் வழியும் அக்காரவடிசில் மட்டும் முழுசு — பிரசாதத்தை மறுக்கலாமா?

எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்? எனக்கும் ஒரு டப்பா கிடைக்குமா என்று கேட்டுவைத்தேன்.

மூன்றாம் நாள் அவர் மனைவி கோதை, கூடத்தில் ஈரக் கால்தடங்களைப் பார்த்திருக்கிறார். குனிந்து பார்த்தால் ரத்தம் கலந்த நீர். வரதனின் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் வெடித்திருந்தது. அவருக்குத் தெரியவே தெரியாது.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால்விரல்களில் குண்டூசியால் குத்திப் பார்த்தாராம். "ம், குத்துங்கோ டாக்டர்" என்றாராம் வரதன். அதற்குள் பத்து விரலும் முடிந்துவிட்டது.

பிறகு பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்திருக்கிறார். துடிப்பு மிகவும் பலவீனம். சர்க்கரையால் கால் மரத்துப்போயிருக்கிறது, ரத்த ஓட்டமும் குறைச்சல், புண் அழுகினால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். வைட்டமின் சாப்பிடுவது உங்கள் இஷ்டம், ஆனால் என் மாத்திரைக்கு அது பதிலாகாது என்றாராம்.

அந்த மிதப்பைப் பார்த்தா பொறாமைப்பட்டேன்? தன் ரத்தக் குழாயை யார் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? அதனால்தான் அதைப்பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறோம். வலிக்கவில்லை என்றால் சௌக்கியம் என்று நினைத்துவிடுகிறோம்.

ஆறு வாரம் லீவு. இடது கால் முதலில் ஆறியது. வலது கால் எல்லோரையும் பயமுறுத்திவிட்டு மெல்ல ஆறியது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வரதன் கோயிலுக்குக் கிளம்பி நின்றார். கோதை வாசலை மறித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்காலைப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை, டாக்டர் உத்தரவு. நேரமாகிறது, பெருமாள் திருவடியைச் சேவிக்க வேண்டாமா என்று வரதன் முணுமுணுத்தார்.

கோதை அசையவில்லை.

"பெருமாள் திருவடி எங்கேயும் போயிடாது. உங்க காலைக் காட்டுங்கோ."