கிழங்கு வேகும் நேரத்தில் சிங்கப்பூர் போய்வந்த விமானம்

மலேசியாவின் பாலோ ஊரில் மூன்று கடைகள், பலகை அறுக்கும் ஆலை ஒன்று, சொந்த நிலத்தில் சொந்த வீடு. எல்லாம் இந்த இரண்டு கையால் உண்டாக்கியவை. ரப்பர் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். "இவனுக்கு எதுக்குக் கடை?" என்று சிரித்தவர்களெல்லாம் பிறகு என் கடை வாசலில்தான் வந்து நின்றார்கள். இதை யாரும் மறுப்பதில்லை. மறுப்பது ஒன்றைத்தான். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். குளுவாங் விமானத் திடலில் வேலை செய்யத் தோட்டத்திலிருந்து எங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மழை பெய்தால் ஓடுபாதை குழி விழும். சிங்கப்பூருக்குச் சரக்கு விமானம் கிளம்பியதும் நாங்கள் ஓடிப்போய்க் குழியை நிரப்பி, கல் உருளையை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். அது திரும்புவதற்குள் வெளியேற வேண்டும்.

எங்களிடம் கடிகாரம் ஏது? சிங்கப்பூர் எத்தனை மைல் என்றும் தெரியாது. பழக்கத்தில் ஒன்று தெரியும். விமானம் ஏறியதும் அண்டாவை அடுப்பில் வைத்தால், மரவள்ளிக் கிழங்கு வெந்து சற்று நேரத்தில் அது திரும்பிவிடும். கிழங்கு வெந்ததும் சமையல்கார அக்கா தகரத்தைத் தட்டுவார். உருளையோடு ஓரம் ஒதுங்குவோம். அதுதான் எங்கள் மணி.

அன்று தண்ணீர் குடிக்கப் போனேன். அக்கா அகப்பைக் காம்பால் கிழங்கைக் குத்திக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இன்னுமா வேகல?"

"அலமாக், கல்லாட்டம் இருக்குப்பா. முத்துன கிழங்கா அனுப்பியிருக்கானுங்க. பொழுது சாஞ்சாலும் வேகாது."

கிழங்கு வேகட்டும் என்று விமானம் காத்திருக்குமா? எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் ஓடினேன். குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ஆளுங்கள வெளிய கூப்பிடுங்க. ப்ளேன் வந்துரும்."

"தகரம் தட்டுனாங்களா?"

"கிழங்கு முத்தல்ணே. அது வேகாது."

"ஜப்பான்காரன் ப்ளேனுக்கு நீ நேரம் சொல்றியா? போய் இழுடா!" கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

நான் நிற்கவில்லை. பாதைக்கு ஓடி உருளைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஓரமா இழுங்க, வருது!" என்று கத்தினேன். வானத்தில் ஒன்றும் இல்லை. "வெயில் மண்டைக்கு ஏறிருச்சு லா இவனுக்கு" என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். உருளை புல்லில் ஏறியதுதான் தாமதம், ரப்பர் மரங்களுக்கு மேலே இரைச்சல் கேட்டது. சற்று முன் நாங்கள் நின்ற இடத்தில் விமானத்தின் சக்கரம் உருண்டு போனது.

ஆளை விலக்கியது கங்காணிதான் என்று நினைத்து, விமானம் தப்பியதற்காக ஜப்பான் அதிகாரி கங்காணியைத் தட்டிக்கொடுத்து ஒரு மூட்டை அரிசி கொடுத்தான். அவரும் குனிந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு மிஞ்சியது வீங்கிய கன்னம்.

அன்று வாயைத் திறந்தால் தலை போகும், பேசாமல் இருந்தேன். இன்று யார் தலை போகும்? போன மாதம் ஒரு விருந்தில் கங்காணியின் மகன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா இல்லேன்னா அத்தனை பேரும் சக்கரத்துல போயிருப்பாங்க" என்கிறார். நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் கை தட்டுகிறார்கள்! திடலில் உழைத்தவர்களுக்கு நினைவுக் கல் வைக்கப்போகிறார்களாம், அதில் கங்காணி பெயர்தான் முதலில் வருமாம்.

வாங்கிய அடி எப்போதோ ஆறிவிட்டது. நான் செய்ததை இன்னொருவர் பெயரில் கேட்பதுதான் இன்றும் எரிகிறது. கல் வைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கங்காணி பெயரைப் போடுங்கள், குடைக்குக் கீழே நின்றார் என்றும் போடுங்கள். கயிறு பிடித்த அத்தனை பேரையும் போடுங்கள். வெளியே இழுக்கச் சொன்னவன் நான். என் பெயர் முதல் வரியில் வர வேண்டும்.