விரிப்போடு மடித்த இங்கிலீஷ்

விடுதியின் கீழ்த்தளத்தில் சலவைக்கூடம். அங்கே நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நிற்பவளை எல்லோரும் ஆவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் "என்னடி" என்று திரும்புவாள். அவள் வீட்டுக்காரருக்கு இரவுக் காவல் வேலை. இவள் வீட்டுக்குள் நுழையும்போது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். "எங்களுக்குச் சண்டை போடக்கூட நேரமில்லடி" என்பாள்.

போன வருடம் அவளுக்கு இருமல் பிடித்தது. இனி ஆவியில் நின்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலே அறைகளை மேற்பார்வையிடும் வேலைக்குப் போகலாம். அதற்கு விடுதி நடத்தும் இங்கிலீஷ் தேர்வில் தேற வேண்டும்.

வேலை முடிந்தபின் சாப்பாட்டு அறையில் வகுப்பு நடக்கும். அவளோடு வேலை செய்யும் நான் எட்டாவதோடு நின்றவள்; பேர் கொடுக்கவில்லை. ஆனால் அக்கா படித்துவந்ததை என்னிடம்தான் ஒப்பிப்பாள். 'போ' என்பதற்கு எதிர்காலம் மட்டும் நாலு விதமாம். படுக்கை விரிப்பை நாங்கள் எதிரெதிரே நின்று நாலு தடவை மடிப்போம். மடிப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

முதல் மடிப்பு என் பக்கம். "ஐ வில் கோ."

அடுத்தது அவள். "ஐ வில் பி கோயிங்."

"ஐ வில் ஹேவ் கான்" என்பேன்.

"ஐ வில் ஹேவ் பீன் கோயிங். அப்பாடா! இதைச் சொல்றதுக்குள்ள ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்."

தேர்வன்று, துண்டுகளைக் கொண்டுபோகும் சாக்கில் சாப்பாட்டு அறையின் கதவோரம் நின்றேன். வாத்தியார் அதையேதான் கேட்டார். "'கோ'வுக்கு எதிர்காலம் நாலையும் சொல்லுங்கம்மா."

அக்காவின் கைகள் மட்டும் எதையோ பிடிப்பதுபோல மேலே வந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. முதலாவது என்னுடையது, மடிக்கும்போது அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்லக் காத்திருக்கிறாள்.

"ஐ வில் கோ" என்றேன். வேறு யாரோ பேசியதுபோல இருந்தது.

அக்கா உடனே இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவது நான். நான்காவது அவள்.

வாத்தியார் சிரித்துவிட்டார். "நல்ல ஜோடிதான். இப்போ நீங்க மட்டும் தனியா சொல்லுங்கம்மா."

"ஐ வில் பி கோயிங்" என்று ஆரம்பித்தாள். அப்படியே நின்றாள். அடுத்த வருடம் வாருங்கள் என்று வாத்தியார் மெதுவாகச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் பேர் கொடுக்கல?" என்று கேட்டார்.

"இவ கொடுப்பா சார், எழுதிக்கோங்க" என்றாள் அக்கா.

படியில் இறங்கும்போது, "உனக்கும் இருமல் வர்றதுக்குள்ள மேல போயிடுடி" என்றாள்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"எனக்கென்ன, கீழ நிக்கறதுக்கு இங்கிலீஷா கேக்கறாங்க?"

அழுகை வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. அக்கா கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று மூச்சு வாங்கி, எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள்.