பெட்டியைத் தொடாதேங்கோ

“இவன் வாயை யாராவது அடைங்கோளேன்” என்று அக்கா சொன்ன அந்த முற்பகலில் நான் வாயைத் திறந்திருக்கவே இல்லை. அவள் மேசைக்கு எதிரே, ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு, பரம சாதுவாக நின்றிருந்தேன். பேசிக்கொண்டிருந்தது மேசைமேல் இருந்த தொலைபேசி. எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அக்காவே அழைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அதிலிருந்து என் குரல், பள்ளி நாடகத்தில் ராஜா வேஷம் கிடைக்காமல் போனவனின் ஏக்கம் முழுவதையும் கொட்டி, திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தது: “உங்கள் மோடத்தை அணையுங்கள். நூறு வரை நிதானமாக எண்ணுங்கள். மீண்டும் இயக்குங்கள்.” முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கேட்ட எனக்கே எழுந்துபோய் எதையாவது அணைத்துவிட்டு வரலாமா என்றிருந்தது.

அக்கா எனக்கு உடன்பிறந்தவள் அல்ல. வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் எங்கள் சிறிய நிறுவனத்தில் ரௌட்டர் பிரிவுக்குத் தலைவி. நகரத்தின் ஒரு கோடியிலுள்ள கழக்கூட்டத்து அலுவலகம் முழுவதும் அவளைச் சேச்சி என்று கூப்பிட்டது. நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்த நான் மட்டும் அக்கா என்றேன். அவள் கரமனை அக்ரஹாரத்துக்காரி. அதிகாரிகளிடம் மலையாளம், ரௌட்டரிடம் ஆங்கிலம், என்னிடம் வீட்டுத் தமிழ். அதனால் அவளுடைய திட்டுகளில் ஆகச் சிறந்தவை எல்லாம் எனக்கே வந்து சேர்ந்தன. அவற்றுக்கு நான் தகுதியானவன்தான் என்பதில் அலுவலகத்தில் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

இந்த ஊர்க் கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டுக்கூடத்தின் கதவு திறக்கும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு எங்கள் வேலையை விளக்குவது சுலபம். வீட்டிலுள்ள மோடத்தைப் போட்டதும் அது எங்கள் ரௌட்டரின் கதவைத் தட்டி, தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லும். ரௌட்டர் உள்ளே இருக்கும் ஒரு சர்வரிடம் கேட்கும்: இவர் நம்மவரா, என்ன பிளான், எவ்வளவு வேகம் கொடுக்கலாம்? சர்வர் சொல்லும் பதில்தான் அந்த வீட்டுக்கு உரிய பாலிசி. அதை மாட்டிவிட்டு ரௌட்டர் உள்ளே அனுப்பும். ஒவ்வொருவராக வந்தால் இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். எல்லோரும் ஒரேயடியாக வந்தால் கதவில் நிற்பவனும் விழுவான், உள்ளே இலை போடுகிறவனும் விழுவான்.

அன்றைக்கு நடந்தது அதுதான். முற்பகலில் பெரிய ரௌட்டரின் ஒரு பாகம் கெட்டு, அது தானாகவே நின்று, தானாகவே திரும்பவும் எழுந்தது. எழுந்த நிமிடத்தில் நகரத்தின் அத்தனை வீடுகளும் கதவைத் தட்டின. சர்வர் திணறிப்போய்ப் பதில் சொல்வதை நிறுத்தியது. பதில் கிடைக்காத மோடங்கள் மறுபடியும் தட்டின. போதாதற்கு, சேவை எண்ணை அழைத்தவர்களை என் குரல் வரவேற்றது. அரும்பாடுபட்டு உள்ளே நுழைந்திருந்தவர்கள்கூட என் சொல்லைத் தட்டாமல் அணைத்துவிட்டு, நூறு எண்ணி, வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். மலையாளக் குரல் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். எண்ணச் சொன்னது, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது எல்லாம் என்னுடைய கலைப் பங்களிப்பு. உள்ளே அக்கா கூட்டத்தை அடக்கப் போராடிக்கொண்டிருக்க, வெளியே நின்று கூட்டத்தைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தவன் நான்.

வேறொரு நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம். அன்று அக்காவின் தம்பி வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் இருந்தான். இதயத்தில் அறுவை. மருத்துவர்கள் அதிகம் நம்பிக்கை கொடுக்கவில்லை. உச்சிப்பொழுதுக்குள் உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அதற்கு முன் ஒரு நர்ஸ் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, அவன் அம்மாவை வீடியோவில் பார்ப்பது என்று ஏற்பாடு. அம்மாவோ இடுப்பெலும்பு முறிந்து கரமனை வீட்டின் உள்ளறையில் படுக்கையில் கிடந்தாள். அந்தக் காலத்துச் சுவர்களைத் தாண்டி அறைக்குள் மொபைல் சிக்னல் வராது. கொல்லையில் கிணற்றடிக்குப் போனால்தான் கிடைக்கும். கட்டிலருகே ஒரு டேப்லெட்டும், அலமாரியில் எங்கள் நிறுவனத்து மோடமும், துணைக்குப் பக்கத்து வீட்டு மாமியும் இருந்தார்கள். அக்கா வீட்டில் இருந்திருக்கலாமே என்று கேட்டால், அம்மா முன்னால் அழாமல் இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அலுவலகத்துக்கு வந்துவிடுவதுதான்.

அவள் அழவில்லை. ரௌட்டரின் கதவைச் சாத்திவிட்டுப் பேட்டை பேட்டையாக உள்ளே விடுவது என்று தீர்மானித்தாள். மருத்துவமனைகள் இருக்கும் பகுதிகள் முதலில். கூட்டம் அதிகமுள்ள கரமனை ஏறக்குறைய கடைசியில். அதை எழுதும்போது அவள் விரல்கள் நின்றதாக எனக்கு நினைவில்லை. அதற்குள் எங்கள் மேலாளர் தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்கிவிட்டதாகவும், என்ன ஆயிற்று என்பதை “எந்தாயி? எந்தாயி?” என்று மலையாளத்தில் ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்பதாகவும் தெரிந்தது. பிறகு அக்காவின் கைப்பேசி ஒலித்தது. தம்பி. அவள் தோளில் அதை இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்தபடியே கேட்டாள். மெலிந்த அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

“அக்கா, அம்மா வரலையே.”

“தோ வருவா. கொஞ்சம் பொறு.”

“இவா என்னை அழைச்சிண்டு போகப் போறா, அக்கா.”

அவனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான் என்பது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை. உறைத்ததும், உங்கள் வீட்டுக் கணக்கை மட்டும் முன்னால் விடுவதற்கு ஒரே ஒரு வரி போதுமே, அதனால் யாருக்கும் நஷ்டமில்லையே என்று கெஞ்சினேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்த வரியை அவளே அடித்தாள்.

அம்மாவின் பெயரிலிருந்த கணக்கு திரையில் வந்தது. நான் துள்ளினேன். துள்ளிய கால் தரைக்கு வருவதற்குள் அது மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி மறைந்தது. ரௌட்டர் வெளியே தள்ளவில்லை; வீட்டில் யாரோ மோடத்தை அணைக்கிறார்கள். யார், ஏன் என்று எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. பக்கத்து வீட்டு மாமி கிணற்றடியில் கைப்பேசியை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, அது சொல்லச் சொல்ல உள்ளே ஓடி அணைத்து, நூறு எண்ணி, போட்டு, திரும்ப ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் எண்ணை அக்கா அழைத்தாள். பிசி. திரும்ப அழைத்தாள். பிசி. என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததால் அவளால் எங்கள் குரலைக் கேட்க முடியவில்லை. கழக்கூட்டத்திலிருந்து கரமனைக்குப் பைக்கில் பறக்கலாம் என்றால், நெடுஞ்சாலையில் அந்த நேரத்துக்கு ஆம்புலன்சே ஊர்ந்துதான் போகும்.

அந்த மாமியை எட்ட ஒரே வழி, அவள் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரல்தான். தமிழ்ப் பதிவை நான்தான் தொலைபேசியில் பேசி ஏற்றியிருந்தேன். ஒரு எண்ணை அழைத்து, ரகசிய எண்ணை அழுத்தி, பீப் ஒலித்ததும் பேசினால் பழையது அழிந்து புதியது ஏறிவிடும். அலுவலகப் படிக்கட்டுக்கு ஓடினேன். “மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே” என்று தொடங்குவதாகத்தான் உத்தேசம். பீப் கேட்டதும் மதிப்பும் வரவில்லை, வாடிக்கையாளரும் வரவில்லை. அக்காவின் வாயிலிருந்து தினமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அக்ரஹாரத் தமிழ்தான் வந்தது.

“மாமி, ஆபீஸ்லேர்ந்து பேசறேன். பெட்டியைத் தொடாதேங்கோ. கையை எடுங்கோ. அணைக்கவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம். உள்ளே போய் அவா பக்கத்துலே உக்காருங்கோ. அவன் வருவான்.”

நான் திரும்பி ஓடி வந்தபோது அம்மாவின் கணக்கு திரையில் இருந்தது. அக்கா மூச்சுவிடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இருந்தது. இன்னும் இருந்தது. பக்கத்தில், அந்த வீட்டுக்குப் போய்வரும் தரவைக் காட்டும் எண் மெல்ல அசைந்து, பிறகு கிடுகிடுவென ஏறத் தொடங்கியது. வீடியோ. அவர்கள் வீட்டுப் பிளான் எங்களிடமிருந்ததிலேயே மெதுவானது. சொந்த வீட்டுக்குச் சலுகை வாங்குவது அவளுக்குப் பிடிக்காது. படம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அவள் அந்த வீட்டின் பாலிசியைத் திறந்து, எங்களிடம் இருந்ததிலேயே பெரிய வேகத்தை மாட்டினாள். எண் இன்னும் வேகமாக ஓடியது. அவள் அந்த அழைப்பில் சேர்ந்துகொள்ளவில்லை. தன் தம்பியின் முகத்தை அம்மா பார்ப்பதை, ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தோளைத் தொடலாமா என்று கையைத் தூக்கி, தைரியமில்லாமல் என் தலையையே சொறிந்துகொண்டேன். சற்று நேரத்தில் எண்ணின் ஓட்டம் தளர்ந்தது. நின்றது.

“அடுத்தது எந்த இடம்?” என்றாள்.

சாலை என்று பெயருள்ள கடைத்தெருவைச் சொன்னேன். திறந்தாள். அதற்குள் என் புதிய பதிவைத் தமிழ் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்டுவிட்டிருந்தார்கள். யாரும் பெட்டியைத் தொடவில்லை, கூட்டம் அடங்கியது. ஆனால் அந்தக் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் சாயங்காலம் அழைத்து, அவன் வருவான் என்று சொன்னீர்களே, கடையை அடைக்காமல் காத்திருக்கிறேன், எவனும் வரவில்லையே என்று சத்தம் போட்டார். அழைப்பை எடுத்தவன் நான்தான். பக்கத்து மேசையில் அக்கா தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பி மயக்கத்திலிருந்து விழிக்கவே இல்லை என்று அவளுக்குச் சற்று முன்புதான் செய்தி வந்திருந்தது. அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி யாரும் வர மாட்டார்கள், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றேன். என் வாழ்நாளில் அதைப்போல ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

அக்கா இப்போது பெங்களூரில் வேறு வேலையில் இருக்கிறாள். எங்கள் சேவை எண்ணில் என் குரலும் இல்லை. தும்மலே வராத ஒரு கணினிக் குரல் பேசுகிறது. போன மாதம் பழைய ரௌட்டரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டோம். பழைய வகை மோடங்களைப் புதியது உள்ளே விடாது. வீடு வீடாகப் போய் மாற்றிக்கொண்டு வருகிறோம். அக்கா அழைத்தாள். எங்கள் ஆளை அம்மா வீட்டுக்குள்ளேயே விடவில்லையாம். நீயே போய்ச் சொல்லு என்றாள்.

போனேன். அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். அலமாரி பளிச்சென்று துடைத்திருந்தது, அந்த மோடத்தின் மேல் மட்டும் விரல் கனத்துக்குத் தூசி. நான் வயரை நோக்கிக் கையை நீட்டினேன்.

“தொடாதே.”

“மாமி, இது ரொம்பப் பழசு. மாத்தாட்டா லைன் நின்னுபோயிரும்.”

“தெரியும். அவன் அதுக்குள்ளே உக்காந்திண்டிருக்கான்னு நினைக்கற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகலை. ஆனா கடைசியா அவன் வந்தது இதுலேதான். தொடாதேங்கோன்னு சொன்னது நீயாக்கும்.”

எதற்கும் ஏதாவது ஒரு கிண்டலைக் கைவசம் வைத்திருப்பவன் நான். அன்று பையைத் துழாவியதில் ஸ்க்ரூ டிரைவர்தான் கிடைத்தது. அதை உள்ளே போட்டுவிட்டு, அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அலுவலகத்தில் புதிய ரௌட்டரைத் திறந்து, இந்த ஒரு வீட்டின் பழைய பெட்டியை மட்டும் உள்ளே விடும்படி ஒரு பாலிசி எழுதினேன். வேகம் கேட்டது, அன்றைக்கு அக்கா மாட்டிய அதே வேகத்தைக் கொடுத்தேன். எந்தத் தேதிவரை என்று கேட்டது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு என்டரைத் தட்டினேன்.