காலுக்கு எழுதிய லீவு

எங்கள் தோட்டத்தில் நோய் வருவது லேசு. வந்த நோயை ஆபிஸ் ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பெரும் பாடு. எனக்கு மூச்சு இழுப்பு. பெக்டரியில் தேயிலை சலிக்கிற இடத்தில் வருஷக்கணக்காக வேலை செய்து, பறக்கிற தூளையெல்லாம் நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டதற்குக் கிடைத்த பரிசு அது. இனி அந்தத் தூள் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, என்னைக் கொழுந்து எடுக்க மலைக்கு மாற்றினார்கள். மழையில் நனைந்தேன், அட்டை கடித்தது. ஆனாலும் மூச்சு விட முடிந்தது. அது போதும் என்றிருந்தேன்.

இழுப்பு சொல்லிவிட்டா வருகிறது? குளிர் கூடினால் வந்துவிடும், வந்தால் வாரக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். முதல் தடவை படுத்தபோது சுகமில்லாத லீவுக்கென்று ஏதோ சம்பளம் போட்டார்கள். இரண்டாம் தடவை கெஞ்சிக் கூத்தாடியதில் பாதி வந்தது. மூன்றாம் தடவை ஒன்றுமே இல்லை. ஏன் என்று கேட்கப் போய் ஆபிஸ் ஜன்னலில் நின்றேன். எங்களை உள்ளே கூப்பிட மாட்டார்கள், ஜன்னலோடு சரி.

கிளாக்கர் ஐயா பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "இந்தா பாரும்மா, இது அதே இழுப்புத்தானே? அதுக்குக் குடுக்க வேண்டியதெல்லாம் குடுத்து முடிச்சாச்சு. வேற வியாதி ஏதாச்சும் வந்தா வா, பார்ப்போம்."

"வேற வியாதிக்கு நான் எங்கங்கய்யா போவேன்?"

"அது ஒன் பாடு."

அடேங்கப்பா, என்ன நியாயம்! புதுப்புது வியாதியாக வந்தால் சம்பளமாம், ஒரே வியாதியைக் கட்டிக்கொண்டு அழுதால் கிடையாதாம். உண்மையிலேயே சட்டம் அப்படித்தானா என்று எங்கள் லயத்து வீடுகளில் விசாரித்தேன். ஆளுக்கொரு சட்டம் வைத்திருந்தார்கள். வருஷம் பிறந்தால் லீவும் புதிதாகப் பிறக்கும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கொட்டகலையில் கடையில் வேலை செய்கிற என் கொழுந்தன், கொழும்பில் இப்படியெல்லாம் கிடையாது என்று அடித்துச் சொன்னான். கொழும்பில் எப்படி என்று கேட்டேன். போனை நோண்டத் தொடங்கிவிட்டான்.

கடைசியில் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் போனேன். நேரே ஆபிசுக்குப் போய், எந்தச் சட்டத்தில் இப்படி இருக்கிறது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அதற்குத்தானே மாதாமாதம் சந்தா கட்டுகிறோம்! ஆனால் அவர் கெட்டிக்காரர். மேசையைத் தட்டிக் கேட்கிற வேலையெல்லாம் மே தின மேடையோடு சரி.

"கவலைய வுடுங்கக்கா," என்றார். "சட்டத்த நம்மளால மாத்த முடியாது. வியாதிய மாத்திப்புடுவோம்."

மாற்றியும் விட்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவர் அவருக்குச் சொந்தம். அடுத்த தடவை நான் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, அந்த மருந்துக்காரர் லீவுத் துண்டுச்சீட்டில் காலில் நரம்புக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார். சம்பளம் மணி மணியாக வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் நான், சம்பாதித்தது என் கால். தலைவர் லயம் லயமாகப் போய்த் தன் மூளையைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட லீவு முடிந்து வருகிறவர்கள், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, என்ன நோய், இப்போது எப்படி என்று தொரைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பேர் விழும், அதாவது அன்றைய கூலி. நான் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"நொண்டுங்கக்கா, நொண்டுங்க," என்று பின்னாலிருந்து தலைவர் முணுமுணுத்தார்.

நொண்டினேன். பதற்றத்தில் பாதி வழியில் காலையும் மாற்றிவிட்டேன். நல்ல வேளை, எந்தக் கால் என்று துண்டில் எழுதியிருக்கவில்லை. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று பெரட்டுக்கு வந்திருந்த சின்னத் தொரை மட்டும் சிரிக்கவில்லை. புதிதாக வந்த சிங்களப் பையன், இளகிய மனசு. அதுதான் வினையாகிவிட்டது.

"அனே, அம்மாவுக்குக் கால் சரியில்லதானே?" என்றார். "மலைக்கு அனுப்ப வேணாம். பெக்டரியில சலிக்கிற எடத்துல போடுங்க. உக்காந்து செய்யலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவரைப் பார்த்தேன். மழை வருமா என்று அவர் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிளாக்கர் ஐயாவுக்கு என் நெஞ்சைப் பற்றி எல்லாம் தெரியும். அவரோ குனிந்து என்னைப் பெக்டரிக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். நெஞ்சு என்று சொன்னால் கால் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் மறுபடியும் அந்தத் தூள். உட்கார்ந்த வேலை கிடைத்துவிட்டதே, கொடுத்து வைத்தவள் என்று பக்கத்தில் நின்றவள் வேறு என் தோளை இடித்தாள்.

பெக்டரி வாசல் வரைக்கும் நொண்டிக்கொண்டே போனேன். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தூள் அப்பிக் கிடந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கியது. பயந்துபோனேன். இந்தத் தடவை உள்ளே போனால் பிள்ளைகள் என்னைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துச் சாக்கடையில் எறிந்தேன். லயத்துக்குப் போய்க் கூடையை எடுத்துக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கினாலும், எல்லோரும் பார்க்க நேரே மலை ஏறினேன். யாரும் பேர் தரவில்லை. தராவிட்டால் போகிறார்கள் என்று கொழுந்து எடுத்தேன்.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குக் கிளாக்கர் ஐயாவே வந்துவிட்டார்.

"என்னம்மா, காலு நல்லாத்தான் இருக்கு போல?"

"காலுக்கு ஒண்ணுமில்லங்கய்யா. நெஞ்சுதான். ஒங்களுக்கே தெரியும்."

"அப்ப காலுக்கு வாங்குன காசு?"

"காசுக்குப் பதிலா வேணும்னா இந்தக் காலையே எடுத்துக்குங்க. அந்தத் தூளுக்குள்ள மட்டும் நான் போக மாட்டேன்."

காலை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. காசைத்தான் மாதாமாதம் சம்பளத்தில் கழித்தார்கள். பெக்டரிப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள். சட்டம் என்னதான் சொல்கிறது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இழுப்பு வந்தால் இப்போது சம்பளமில்லாமல்தான் படுக்கிறேன். எழுந்ததும் மலைக்குப் போகிறேன்.