சுற்றுக்கட்டையில் மிச்சக் கயிறு

சங்கரன்கோவில் ரதவீதிக்குப் பின்னால் இருந்த சந்தில் பூமாரியின் குணம் எல்லோருக்கும் தெரியும். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பாள். புருசன் சங்கரசுப்பு தாலுகா ஆபீஸில் கிளார்க். அவர் சட்டைப்பையில் கிடக்கும் பஸ் டிக்கெட்டில் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சட்டையைத் தண்ணீரில் நனைப்பாள்.

எண்பத்து மூன்றாம் வருசக் கோடையில் ராயகிரியில் அவளுடைய பெரியப்பா தவறிப்போனார். பதினாறு முடிகிற வரைக்கும் அங்கே இருக்க வேண்டும். அந்த மாதம்தான் ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பீரோவை உடைத்துக் களவு நடந்திருந்தது. பூமாரிக்குத் தன் வீட்டுப் பீரோ மேல் நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டு ஜரினா மேலும் இல்லை. தனியாக இருக்கப்போகும் புருசன் மேல் சுத்தமாக இல்லை. நகையெல்லாம் துணியில் முடிந்து ஒரு பித்தளைத் தூக்குவாளியில் போட்டாள். மூடியைக் கம்பியால் இறுக்கினாள். சணல் கயிற்றில் கட்டிக் கொல்லைக் கிணற்றுக்குள் இறக்கி, உள்சுவரில் கைக்கெட்டும் இடத்தில் இருந்த இரும்பு முளையில் மறுநுனியை முடிந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பதினேழாம் நாள் வந்து எட்டிப் பார்த்தால் முளையில் ஒரு முழக் கயிறுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நுனி பிசிர் பிசிராக இருந்தது. கத்தியால் அறுத்தால் பிசிராது. ஆனால் பிசிராகிற மாதிரி அறுக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்களே? மதில் வழியாக ஜரினா வீட்டுக் கொல்லையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கெணத்துக்குள்ள தூக்குவாளி விழுந்துட்டு" என்று மட்டும் புருசனிடம் சொன்னாள். அவர் சண்முகையாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கிணற்றில் விழுந்த குடம், வாளியை எடுத்துக் கொடுப்பது சண்முகையாவின் பிழைப்பு. தோளில் பாதாளக்கரண்டி, அதாவது கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும் இரும்பு வளையம். கையில் சுற்றுக்கட்டை. சாண் அகலப் பூவரசம் பலகை அது. இரண்டு முனையிலும் கவடு வெட்டி, நடுவில் ஒரு கைப்பிடி வைத்திருந்தார். மணிக்கட்டைத் திருப்பினால் கயிறு சிக்கில்லாமல் சுற்றிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு கீழே ஓடும்.

"வாளியில என்ன தாயி இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல, வெறும் வாளி."

சண்முகையா அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கரண்டியை இறக்கினார். அரைமணி நேரம் அங்கேயும் இங்கேயும் துழாவினார். "கீழ ஒண்ணும் தட்டுப்படல" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

பூமாரியின் கண் கட்டையிலேயே இருந்தது. இறக்கினது போக இன்னும் தடிமனாகக் கயிறு அதில் மிச்சம் கிடந்தது.

"அண்ணாச்சி, மிச்சத்தையும் விடும்."

"அது பிடிமானத்துக்குத் தாயி. முழுசையும் விட்டா கட்டை கையவிட்டுப் போயிரும்."

கிடைக்காத சாமானுக்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சண்முகையா போய்விட்டார். அதுதான் அவளைக் குடைந்தது. கூலி வேண்டாம் என்கிறவனுக்கு வேறு ஏதோ கிடைத்திருக்க வேண்டும். கரண்டி தட்டின இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டான், ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவான் என்று முடிவு கட்டினாள். அடுத்த ரெண்டு நாளும் கிணற்றடியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டும் அங்கேதான்.

"ஏட்டி, ஒரு தூக்குவாளிக்கா இந்தப் பாடு? பஜார்ல புதுசு வாங்கித் தாரேன்" என்றார் சங்கரசுப்பு.

அவள் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். அவர் துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் சண்முகையாவை மறுபடி கூட்டி வந்தார்.

இந்தத் தரமும் கட்டையில் கயிறு மிச்சம் இருக்கும்போதே சண்முகையாவின் கை நின்றது. பூமாரி பாய்ந்துபோய்க் கட்டையைப் பறித்து, கரகரவென்று எதிர்ப்பக்கம் சுற்றினாள். நாலு சுற்றுக் கயிறு கழன்றது. அதற்கடியில் இருந்தது கயிறே இல்லை. கிழித்து முறுக்கிய கத்தரிப்பூ நிறப் பழஞ்சேலை.

சண்முகையா தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் பொண்டாட்டி சேலை, தாயி. மழ இல்லன்னு எல்லாரும் கெணத்தை ஆழமா வெட்டிட்டாவ. எங் கயிறு பழைய ஆழத்துக்கு வாங்குனது. கட்டை நெறஞ்சு இருந்தாத்தான் நம்பிக் கூப்பிடுதாவ. அதான் அடியில இதைச் சுத்தி வச்சேன். இத நம்பி எறக்குனா கனம் தாங்காது, கரண்டியும் போயிரும்."

"அப்போ கரண்டி தரையத் தொடவே இல்லையா? ஒண்ணும் தட்டுப்படலன்னு சொன்னீரே!"

"எட்டலன்னு சொன்னா அடுத்தாப்புல எவன் கூப்பிடுவான்?"

ரெண்டு நாளாக அவள் நாக்கில் வசவு தயாராக இருந்தது. ஆள் பொய் சொன்னது நிஜம். திருடவில்லை என்பதும் நிஜம். இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்துப் பார்த்து அவளுக்குப் பழக்கம் இல்லை.

கிணற்று உருளையில் கிடந்த வாளிக்கயிற்றை உருவி அவர் முன்னால் போட்டாள்.

"இதைச் சேத்துக் கட்டும்."

சேலையை அவிழ்த்துவிட்டு அந்தக் கயிற்றை முடிந்து இறக்கினார். மூன்று தரம் சகதிதான் வந்தது. நாலாவது தரம் கயிறு விறைத்தது. சேறு சொட்டச் சொட்டத் தூக்குவாளி மேலே வந்தது. சண்முகையா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"வெறும் வாளி நல்லாத்தான் கனக்கு" என்றார்.

பூமாரி உள்ளே போய்க் கதவைச் சாத்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை. வெளியே வந்தபோது அவர் வாளிக்கயிற்றைத் தனியாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக்காதியும். அது உம்ம கட்டையிலயே கெடக்கட்டும்" என்றாள். கூலியை சங்கரசுப்பு கொடுத்தார். சண்முகையா சேலையை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அந்தச் சந்தில் எவர் வீட்டு வாளி விழுந்தாலும் பூமாரிதான் முதலில் சொல்வாள்: "சண்முகையாவக் கூப்பிடுங்க. அவரு கயிறு எட்டும்." சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி இதையும் சேர்த்துக்கொள்வாள்: "எடுக்கையில மட்டும் பக்கத்துலயே நில்லுங்க."