அத்தான் தெரிவு செய்த பச்சை

கடலைப் பார்த்திருந்த பின்வேலியில் நான்கு தகரத் துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சை. பழைய எண்ணெய்ப் பீப்பாவின் மூடியை வெட்டி, துருக்கறளை உரசி எடுத்து, நான்கு விதமான பெயின்ற் பூசி அத்தான்தான் அவற்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். "உதுகளைக் கழட்டி எறியுங்கோவன்" என்று அக்கா குசினிக்குள்ளிருந்து கத்துவாள். அவர் சிரித்துக்கொண்டு கயிற்று முடிச்சை இன்னும் இறுக்குவார்.

அத்தான் என் அக்காவின் கணவர். எங்கள் தீவில், இறுப்பிட்டியில் வாடகைக் கார் ஓட்டியவர். ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவருடைய பழைய ஏ-போர்ட்டி காரையும் கிடுகுக் கொட்டிலில் விட்டுவிட்டே போகவேண்டியிருந்தது. பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது கொட்டில் இல்லை. கண்ணாடிகளும் இருக்கைகளும் இல்லை. கறள் தின்ற உடம்பு மட்டும் பற்றைக்குள் கிடந்தது. சமாதான காலத்தில் பாதை திறந்து கொழும்புச் சாமான்கள் வரத்தொடங்கியதும் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிக் காரில் பூட்டினார். இயந்திரம் ஓடியது, விளக்கு எரிந்தது. மிச்சம் பெயின்ற் மட்டுந்தான்.

அதற்குள் அவர்களுடைய ஒரே மகளுக்குக் கிளிநொச்சியில் திருமணம் நடந்துவிட்டது. ஆசிரியையாகப் போன இடத்தில் தானே பார்த்து முடித்த பையன், நல்லவன். கலியாணத்துக்கு அக்காவும் அத்தானும் நானும் பஸ்ஸில் போய் இறங்கினோம். புழுதி படிந்த வேட்டியோடு சம்பந்தி வீட்டு வாசலில் நின்றதை அத்தான் மறக்கவில்லை. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது, "அடுத்தமுறை காரிலைதான் வருவன், தம்பி" என்றார். மகள் கர்ப்பமானதும் அந்த அடுத்த முறை எது என்று முடிவாகிவிட்டது. பிள்ளைப்பேற்றுக்கு அவளைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு அவளைப் பஸ்ஸில் குலுங்கவிட முடியாது.

யாழ்ப்பாணத்தில் எனக்கு அலுவலக வேலை. சனிக்கிழமைகளில் அவரோடு பெயின்ற் கடைகள் ஏறி இறங்கியது நான்தான். விலையும் கட்டுப்படியாக வேண்டும், உப்புக் காற்றையும் தாங்க வேண்டும். ஊர்காவற்றுறையில் வள்ளங்களுக்குப் பூசும் எனாமல் மலிவு. ஆனால் வேலியில் தொங்கிய துண்டு மழைக்காலம் முடிவதற்குள் சுண்ணாம்பாய் வெளிறியது. வாசற் படலைக்கு அடிக்கும் பெயின்ற் கொப்பளித்தது. பெயரில்லாத தகரத்தில் அளந்து விற்ற பெயின்ற் முதலில் மினுங்கி, பிறகு வெடித்தது. கடினமாக்கியைக் கலந்து அடிக்கும் கொழும்புப் பெயின்ற் மட்டும் அப்படியே இருந்தது. அத்தான் அதில் ஆணியால் கீறிவிட்டிருந்தார். கீறலைத் தாண்டிக் கறள் பரவவில்லை. விலைதான் இடித்தது. கடைசியில், அந்தக் கொழும்புப் பெயின்றிலேயே ஒருவரும் கேட்காமல் கடையில் கிடந்த ஒரு கடும் பச்சையைக் குறைத்துப் பேசி எடுத்தார். மேற்பூச்சில் மிஞ்சிய காசை அடிப்பூச்சில் போட்டார். "அடி சரியெண்டால் மேல் நிக்கும்" என்றார்.

முழுக் காருக்கும் ஒரு தகரம் பெயின்ற் காணாது. இரண்டாவது தகரமும் அதே கலவையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கதவு ஒரு நிறம், பொனற் ஒரு நிறமாகத் தெரியும். அது கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருந்தார். வந்தபோது சோளகக் காற்று தொடங்கிவிட்டது. ஈரப் பெயின்றில் மண் ஒட்டும் என்று காற்று தணியும்வரை காத்திருந்தார். அந்தக் கிழமைகளில் பத்திரிகைச் செய்திகள் கெட்டுக்கொண்டே போயின. மகள் தொலைபேசியில், "அப்பா, இப்ப வாங்கோ. இஞ்சை சனம் ஒரு மாதிரிக் கதைக்குது" என்றாள்.

அன்று அக்கா அழுதுவிட்டாள். "கறள் பிடிச்ச காரெண்டாலும் ஓடுந்தானே? போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அந்தக் கோலத்திலை சம்பந்தி வீட்டிலை கொண்டுபோய் நிப்பாட்ட ஏலாது. இன்னும் ஒரு கிழமை, பாரும்."

காற்று ஓய்ந்த ஒரு காலையில் பெயின்ற் அடித்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். அப்படியொரு பச்சையை அந்தத் தெரு கண்டதில்லை. காய்ந்து இறுகட்டும் என்று கொட்டிலில் விட்டு, பயணத்துக்கு நாளும் பார்த்தார்கள். அந்த நாள் வருவதற்கு முன் சண்டை தொடங்கி, கிளிநொச்சிக்குப் போகும் பாதையை முகமாலையில் மூடிவிட்டார்கள்.

முதலில் நாங்கள் ஒரு கிழமை என்று நினைத்தோம். பிறகு ஒரு மாதம் என்று நினைத்தோம். பேரன் பிறந்த செய்தி சுற்றிவளைத்து வந்து சேர்ந்தது. பெற்றோல் கிடைக்கவில்லை, தொலைபேசி நின்றது, யாழ்ப்பாணத்துக்கு வருவதே பெரும்பாடானது. அக்கா அந்த ஒரு கிழமையைப் பற்றி அத்தானிடம் ஒருபோதும் கேட்கவில்லை. அவருக்குச் சோறு போடுவாள், தேத்தண்ணி கொடுப்பாள், ஆனால் கொட்டில் பக்கம் போகமாட்டாள். ஒருமுறை மட்டும் அத்தான் என்னிடம், "அந்த வள்ளத்துப் பெயின்றை அடிச்சுப்போட்டுப் போயிருக்கலாம், தம்பி. போய் வரக் காணும்" என்றார்.

சண்டை முடிந்த வருடத்தின் கடைசியில், சண்டைக்குள் அகப்பட்டிருந்த சனங்களை வவுனியா முகாமிலிருந்து பஸ்களில் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை வளவில் இறக்கினார்கள். மருமகனை ஷெல் கொண்டுபோயிருந்தது. மகள் ஒரு துணிப்பையோடும் தன் மகனோடும் இறங்கினாள். அக்காவைக் கட்டிக்கொண்டு அவள் அழவில்லை, அக்காதான் அழுதாள். அத்தான் சற்றுத் தள்ளி, காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் ஏறுவதற்கு முன் காரை ஒரு சுற்றுப் பார்த்தாள். உள்ளங்கையைக் கதவில் வைத்து மெல்லத் தடவினாள். ஒரு கொப்பளம் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை.

"பெயின்ற் நல்லாய் நிக்குது, அப்பா."

அந்தக் குரலில் கோபமில்லை. கண்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். அத்தான், "ஓம், பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அவளும் அக்காவும் பையனோடு பின்னால் ஏறினார்கள். நான் முன்னுக்கு ஏறினேன். இயந்திரத்தைக் கிளப்பியதும் அவர் கை மேலே போய், மகளின் முகம் தெரிந்த பின்பார்வைக் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டது. தீவுக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் பின்னால் வந்த லொறிகள் ஹோர்ன் அடித்தபடியே வந்தன. இறுப்பிட்டி வரைக்கும் அத்தான் அந்தக் கண்ணாடியைத் தொடவில்லை.