நடைக்குழுவும் சர்க்கரைப் பொங்கலும்

மல்லிகா பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ராமானுஜனின் மோதிர விரலை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை துடைத்தாள், போகவில்லை. சோப்பு போட்டுத் துடைத்தாள். நெய்ப் பிசுக்கு.

"இன்னா சாமி, கையெல்லாம் பிசுபிசுன்னுது? இப்படியே குத்தினா மெஷின் உங்க சக்கரையைச் சொல்லாது, பொங்கல் சக்கரையைத்தான் சொல்லும்."

"பிரசாதம்மா அது," என்றார் ராமானுஜன், பச்சைக்குழந்தை மாதிரி.

நன்றாகக் கழுவிய பிறகு குத்தினாள். முந்நூறைத் தாண்டியது. பொங்கல் விரலோடு நிற்கவில்லை, உள்ளேயும் போயிருந்தது.

மல்லிகா திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வார்டு ஆயாவாக இருந்தவள். போன வருஷம் அங்கே ஒரு புதுத் திட்டம் வந்தது. மாத்திரையால் தீராததை மனிதர்களால் தீர்ப்பதாம். வீட்டில் தனியாகக் கிடக்கும் நோயாளிக்கு, மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே 'நடைக்குழு' என்றோ 'பஜனைக்குழு' என்றோ டாக்டர் எழுதுவார். ஆளைக் கூட்டிப்போய்ச் சேர்ப்பது மல்லிகாவின் வேலை. இணைப்பாளர் என்று கழுத்தில் அட்டை தொங்கியது. அட்டை ஏறிய நாள் முதல் அவள் பெட்பேனைத் தொடவில்லை.

மனைவி போனபின் வாசற்படி தாண்டாத ராமானுஜனை நடைக்குழுவில் சேர்த்ததுதான் அவளுடைய பெரிய சாதனை. குழுவில் எல்லோரும் சர்க்கரை நோயாளிகள். பெரும்பாலும் கோயில் கைங்கரியக் குடும்பங்கள். முதல் வாரம் நடந்தார்கள். அடுத்த வாரம் ஒருவர் தூக்குச்சட்டியில் பிரசாதம் கொண்டுவந்தார். மறுநாள் இன்னொருவர். பிறகு ஆளுக்கொரு நாள் என்று முறை போட்டுக்கொண்டார்கள். நடை சுருங்கிச் சுருங்கி பெஞ்சைச் சுற்றி ஒரு பிரதட்சணமாக நின்றது. மல்லிகாவும் ஒரு தொன்னையைச் சாப்பிட்டு, இன்னொன்றைப் பையில் போட்டுக்கொள்வாள். 'ஒருத்தர் விடாமல் வருகிறார்கள்' என்று ஆஸ்பத்திரிக்குச் சொன்னாள். அங்கே கைதட்டினார்கள்.

சர்க்கரை இறங்கியது ஒரே ஆளுக்கு. தியோடர், சித்தூர் மிஷன் சபைக்காரர், மகள் வீட்டோடு இருக்க வந்தவர்.

"உமக்கு மட்டும் எப்படி ஓய் இறங்கறது?" என்று கேட்டார் ராமானுஜன்.

"நீங்க துன்னுக்கினு இருந்தீங்க, நான் நடந்துக்கினு இருந்தேன். அவ்ளோதான் சாமி."

ராமானுஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை இறங்காமல் கத்தி வைக்கமாட்டேன் என்று கண் டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போனார்.

"போன மாசம் மலைக்குப் போனேன் மல்லிகா. ஏதோ விளக்கு வெளிச்சம் தெரிஞ்சுது. அதுக்குள்ள ஜரகண்டின்னு தள்ளிட்டா. உயிர் போறதுக்குள்ள அவன் முகத்தை ஒரு தடவை தெளிவாப் பாக்கணும்."

"அப்போ நீங்களே சொல்லுங்க. பெருமாளைப் பாக்கணுமா, அவரு பொங்கலைப் பாக்கணுமா?"

"பிரசாதத்தை வேண்டாம்னா அபசாரம்மா!"

தியோடர் செருப்பு மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "வேணாம்னு ஏன் சொல்றீங்க? வாங்கிக்கோங்க. பிரசவ ஆஸ்பத்திரி கேட்டாண்ட ராத்திரியெல்லாம் சொந்தக்காரங்க குந்திக்கினு இருக்காங்களே, அவங்களுக்குக் குடுங்க. நடந்தாமாதிரியும் ஆச்சு."

ராமானுஜன் யோசித்தார். "விநியோகம் கைங்கரியம்தான். ஆனா ஒரு பருக்கையாவது நான் வாயில போட்டுக்கணும்."

"ஒண்ணுதான். நான் பார்த்துக்கினு இருப்பேன்," என்றாள் மல்லிகா.

மறுநாள் முறை ராமானுஜனுடையது. தூக்குச்சட்டியைத் தானே எடுத்துக்கொண்டு, தியோடரின் தோளைப் பிடித்தபடி பிரசவ ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்தார். குழு பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. படுத்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

மல்லிகா வழக்கம்போல இரண்டு காலித் தொன்னையோடு நின்றாள். அவர் சட்டியின் அடியைத் தடவி, அவள் உள்ளங்கையில் ஒரே ஒரு பருக்கையை வைத்தார்.

"உனக்கும் ஒண்ணு."

அதைத் தின்றுவிட்டு, தொன்னைகளைத் தூர எறிந்தாள். மெஷினை வெளியே எடுத்தாள்.

"கையைக் கழுவிக்கினு வாங்க சாமி."